முப்பத்தோராவது புள்ளி

நவம்பர் 7, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். கணக்கில் ஒரு வரியை விட்டால் விடை தப்பாகிவிடும். நாட்குறிப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் விவரங்கள். என் பெயர் ஆ. அருள்விழி. பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு. வகுப்பில் என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர். அப்பா துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். மே மாதம் தருமபுரியிலிருந்து இந்தக் கடலோர ஊருக்கு அவருக்கு மாற்றல் வந்தது. அம்மா அங்கே அங்கன்வாடியில் வேலை செய்வதால் தம்பியோடு அங்கேயே இருக்கிறாள். அப்பாவுக்கு வயிற்றுப்புண், ஓட்டல் சாப்பாடு ஆகாது. அதனால் நான் வந்தேன். ரசமும் மோர்க்குழம்பும் இப்போது நன்றாக வருகிறது.

இன்று வகுப்பில் நடந்தது: தீபாவளிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ தலைமையாசிரியையின் படத்துக்கு மீசை வரைந்து போட்டுவிட்டார்கள். குழு கலைக்கப்பட்டது. இனிமேல் எந்த வகுப்புக்கும் குழு கிடையாது. ஆனால் இது புயல் மாதம். திடீர் விடுமுறை, தேர்வு மாற்றம் எல்லாம் எப்படிச் சொல்வது?

வகுப்பாசிரியை இந்திராணி டீச்சர் வேதியியல் எடுப்பவர். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தோரு வீட்டுக்கு நான் போன் போட்டா, என் வீட்டுல சோறு எப்ப வடிக்கிறது? நாலு பேருக்குச் சொல்றேன். அந்த நாலு பேரு அவங்கவங்க ஃப்ரெண்ட்ஸுக்குச் சொல்லணும். ஆனா ஒருத்தர்கூட விடுபடக் கூடாது. யாரு அந்த நாலு பேருன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கையைத் தூக்கினேன். ஜூன் மாதத்திலிருந்து இந்த வகுப்பில் நான் கை தூக்கியது இதுதான் முதல் தடவை.

"இதுக்கு ஒரு கணக்கு இருக்கு டீச்சர்" என்றேன்.

"இருக்கும் இருக்கும். போட்டுட்டு வா."

நவம்பர் 8, செவ்வாய்

கணக்கு நான் கண்டுபிடித்ததல்ல. ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு கல்லூரிப் புத்தகம் இருக்கிறது, கோட்டுருவியல் பற்றியது. கோட்டுரு என்றால் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். சில புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதியுள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஏதாவது ஒன்றுக்காவது நேர்கோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு ஆதிக்கக் கணம் என்று பெயர். மிகக் குறைவாக எத்தனை புள்ளிகள் போதுமோ அது ஆதிக்க எண். பெயர்தான் மிரட்டுகிறது. அர்த்தம் என்னவோ, கைக்கெட்டும் தூரத்தில் யாராவது ஒருவர் இருப்பது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரே வரிசையில் ஒன்பது வீடுகள். தன் வாசலிலோ பக்கத்து வாசலிலோ குழாய் இருந்தால் போதும் என்றால் எத்தனை குழாய் வேண்டும்? மூன்று: இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது வாசல்களில். நாங்கள் ஒன்பதாவது வீடு. எட்டாவது வீடு நாங்கள் வந்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது.

இன்று எல்லோருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தேன். "யார் யாருக்கு நீ போன் பண்ணுவாயோ அவர்கள் பெயரை எழுது." போன் எண் எழுதச் சொல்லவில்லை. தோழி என்றால் எண் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எழுதியிருந்தால்தான் கோடு. ஒருத்தி மட்டும் எழுதியிருந்தால் கோடு கிடையாது. இந்த விதியை நானே வைத்தேன்.

ஜுவைரியா சீட்டை வாங்கும்போது, "புள்ள, ரெண்டு பக்கமும் எழுதலாமா? எனக்கு இது பத்தாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

நவம்பர் 9, புதன்

சீட்டுகளை வீட்டில் தரையில் பரப்பி எண்ணினேன். ஜுவைரியாவுக்குப் பதினொரு கோடுகள், அவள்தான் அதிகம். சுகந்தியின் சீட்டில் எட்டுப் பெயர்கள். எட்டுப் பேரும் அவளைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். சுகந்தியின் கையெழுத்து இடது பக்கம் சாய்ந்திருக்கும், 'ழ' மட்டும் பெரிதாக இருக்கும். பெனிட்டா, வளர்மதி சீட்டுகளையும் பார்த்தேன்.

என் சீட்டில் நான் ஜுவைரியா, சுகந்தி என்று இரண்டு பெயர் எழுதியிருந்தேன்.

என் பெயர் எத்தனை சீட்டில் இருந்தது என்பது இந்த இடத்தில் தேவையில்லை.

நவம்பர் 10, வியாழன்

சாதம் அடிப்பிடித்துவிட்டது. அப்பா மேலாக எடுத்துச் சாப்பிட்டார்.

நவம்பர் 12, சனி

விடை கிடைத்துவிட்டது. ஆதிக்க எண் நான்கு. ஜுவைரியா பதினொரு பேருக்குச் சொல்வாள், சுகந்தி ஒன்பது பேருக்கு, பெனிட்டா நான்கு பேருக்கு, வளர்மதி மூன்று பேருக்கு. கூட்டினால் இருபத்தேழு. அந்த நால்வரையும் சேர்த்தால் முப்பத்தொன்று.

மூன்று பேர் போதாது என்பதற்கும் நிரூபணம் இருக்கிறது. வகுப்பில் நான்கு பெண்களைக் கண்டுபிடித்தேன். அவர்களில் எந்த இருவரும் தோழிகள் அல்ல, எந்த இருவருக்கும் பொதுத் தோழியும் இல்லை. அப்படியானால் ஆளுக்கு ஒருத்தியாக நான்கு பேர் வேண்டும். நிரூபணம் மூன்றே வரி. ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். படத்தைக் காட்டினேன்.

"இது எங்க சப்-ஸ்டேஷன் ஃபீடர் லைன் படம் மாதிரியே இருக்கே அருளு. இதுல நீ எங்க இருக்க?"

ஓரத்தில் இருக்கும் புள்ளியைக் காட்டினேன்.

"ஒரே லைன்தானா? அந்த லைன் போச்சுன்னா உனக்கு சப்ளையே கிடையாதே."

"ஒண்ணு போதும்பா" என்றேன்.

நவம்பர் 14, திங்கள்

படத்தையும் சீட்டுக் கட்டையும் கொடுத்தேன். இந்திராணி டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு பேருன்னு நான் சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். நெஜமாவே நாலுதானா?" என்றார். நிரூபணத்தைச் சொன்னேன். கடைசி வரி வரை கேட்டார். பிறகு நான்கு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாளில் பெயர்ப் பட்டியல் கொடுத்தார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னார்.

"இத நம்பி விட முடியாது. ஒரு தடவ சோதிச்சுப் பாக்கணும். என்னிக்காவது ஒரு நாள் சாயங்காலம் இந்த நாலு பேருக்கு மட்டும் போன் பண்ணுவேன். மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு எல்லாரும் யூனிஃபார்ம்ல இங்க இருக்கணும். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கும் சொல்ல மாட்டேன். படம் போட்டவளுக்கும் படத்து வழியாத்தான் வரணும்."

சுகந்தி தன் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டாள். திறந்து பார்க்கவில்லை.

நவம்பர் 15, செவ்வாய்

சுகந்தியோடு பேச வேண்டும் என்று தீர்மானித்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். (1) மழை. (2) விலங்கியல் ரெக்கார்டு. (3) அவளுடைய கம்மல் எங்கே வாங்கியது.

இடைவேளையில் அவள் பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மழை பற்றிச் சொன்னேன். "ஆமா" என்றாள்.

நவம்பர் 16, புதன்

விலங்கியல் ரெக்கார்டு பலித்தது. என் நோட்டில் தவளையின் இதயப் படத்தைப் பார்த்துவிட்டு சுகந்தி தானாகவே பேசினாள்.

"ஏய், நீயா வரைஞ்ச? நான் வரைஞ்சா தவள இல்ல, பஜ்ஜி மாதிரி வருது. எனக்கும் வரைஞ்சு குடேன்."

அவள் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு படங்கள் பாக்கி. பூட்டிய வீட்டுச் சுவர் வரை மழைத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு இரவு ஷிப்ட். இரண்டு படங்கள் முடித்தேன். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். என் நோட்டில்கூட இவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை.

நவம்பர் 17, வியாழன்

நான்கு படங்கள் முடிந்தன. காட்டினேன்.

"சூப்பர்பா" என்றாள் சுகந்தி. "தேங்க்ஸ். உன் பேரு என்ன, அருள்மொழியா?"

"அருள்விழி."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. அவளுக்கு எல்லோரிடமும் அப்படித்தான்.

மீதி இரண்டு படங்களுக்காக நோட்டு என்னிடமே இருக்கிறது. போன் எண் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால், எதற்கு என்று கேட்பாள்.

நவம்பர் 18, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் பட்டன் போனை சார்ஜில் போட்டேன். சிக்னல் ஜன்னல் பக்கம்தான் இருக்கும். அதனால் காய் நறுக்குவதை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு தடவை அடித்தது. அம்மா.

"சாப்பிட்டியா கண்ணு? ஏன் ஒரே ரிங்குல எடுத்துட்ட?"

"சும்மாதான்மா."

"அப்பா இருக்காரா?"

"டூட்டி. அம்மா, வேற யாராவது கூப்பிடுவாங்க, வைக்கிறேன்."

"யாரு கூப்பிடுவாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஃப்ரெண்டா?"

ஆமாம் என்றேன்.

நவம்பர் 19, சனி

காலை எட்டே முக்காலுக்கு வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வளர்மதியும் இன்னொரு பெண்ணும் சைக்கிளில் போனார்கள். யூனிஃபார்ம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் யூனிஃபார்ம் போட்டேன். ஒரு பக்கம் பின்னலைப் போட்டு முடித்தேன். பள்ளிக்கு நடந்தால் பதினோரு நிமிடம்தான். ஆனால் போய் நின்றால், உனக்கு யார் சொன்னது என்று டீச்சர் கேட்பார். படத்து வழியாக வந்தது என்று சொல்ல வேண்டும். வரவில்லையே.

மறு பக்கப் பின்னலைப் போடவில்லை. யூனிஃபார்மோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டே திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைத்தேன். அழுக்காகவில்லை, திங்களுக்கு ஆகும்.

நவம்பர் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 21, திங்கள்

டீச்சர் வருகை எடுத்ததும் சொன்னார்: "முப்பது பேரு கரெக்டா வந்தாங்க. வராதது ஒரே ஒரு ஆளு. யாருன்னு நெனைக்கறீங்க? படம் போட்டவங்க."

வகுப்பே சிரித்தது. நியாயமாகப் பார்த்தால் சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

"அருள்விழி, உனக்கு யாரும் சொல்லலியா?"

"இல்ல டீச்சர்."

"இவ யாரு லிஸ்ட்டுல இருக்கா? சுகந்தி, எந்திரி."

சுகந்தி எழுந்தாள். "நான் எல்லாருக்கும் சொன்னேன் டீச்சர். எட்டுப் பேருக்கும்."

"லிஸ்ட்டுல ஒம்பது பேரு."

"லிஸ்ட்ட நான் பாக்கலை டீச்சர். என் ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு எனக்குத் தெரியாதா? அத எதுக்குத் தாளப் பாத்துச் சொல்லணும்?"

மறுபடி சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து சுகந்தியின் சீட்டைத் தேடிப் பிடித்து நீட்டினார். "உன் கையெழுத்துதானே? கடைசிப் பேரு என்னன்னு படி."

சுகந்தி படித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நான் எழுதலை டீச்சர்" என்றாள்.

"மத்த எட்டும் நீ எழுதினது, இது மட்டும் தானா முளைச்சுதா? எழுதறப்ப ஃப்ரெண்டு, போன் பண்றப்ப யாருன்னே தெரியாதா? மறந்துட்டேன்னு சொல்லு, விட்டுடறேன். பொய் சொல்லாத."

"சத்தியமா நான் எழுதலை."

"நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் உள்ள உக்காராத."

அவள் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். எனக்கு மூன்றாவது வரிசை. அங்கிருந்து அவள் முழங்கையும் பையின் ஓரமும் தெரிந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலை வரை சொல்லவில்லை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தேன். இனி எழுதுவது விட்டுப்போன வரிகள்.

ஒன்பதாம் தேதி: முப்பது சீட்டுகளில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. மூன்று தடவை எண்ணினேன்.

பத்தாம் தேதி சாதம் அடிப்பிடித்ததற்குக் காரணம், நான் அப்போது ஒரு பழைய தாளில் என் பெயரை இடது பக்கம் சாய்த்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். 'ழ'வைப் பெரிதாக எழுத வேண்டியிருக்கும் என்று பயந்தேன். என் பெயரில் வருவது 'ழி' ஒன்றுதான். அதை மட்டும் இருபது தடவை எழுதினேன். பிறகு சுகந்தியின் சீட்டில் ஒன்பதாவது பெயராக எழுதினேன். ஜுவைரியாவின் சீட்டில் இடமே இல்லை.

ஏன் என்று எழுத வேண்டும். புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது. ஒரு கோடுகூட இல்லாத புள்ளிக்குத் தனித்த புள்ளி என்று பெயர். அதை எட்டுவதற்கு யாருமே இல்லாததால், எந்த ஆதிக்கக் கணத்தை எடுத்தாலும் அது அதற்குள் இருந்தே தீர வேண்டும். உண்மையான விடை ஐந்து. ஐந்தாவது பெயர் என்னுடையது. அப்படி எழுதிக் கொடுத்தால், நீ யாருக்குச் சொல்லப்போகிறாய் என்று டீச்சர் கேட்பார். யாருக்கும் இல்லை என்று முப்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

முதலில் கோட்டைப் போட்டுவிடலாம், பிறகு ஒரு வாரத்தில் அதை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆறு படங்களில் நான்கு முடிந்திருந்தது.

நவம்பர் 22, செவ்வாய்

முதல் பாடவேளைக்கு முன்பே ஆசிரியர் அறைக்குப் போனேன். சுகந்தியும் அவள் அம்மாவும் ஏற்கனவே நின்றார்கள். அவள் அம்மா ஐஸ் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, கை நனைந்தபடி.

"எம் பொண்ணு வாயாடிதான் டீச்சர், இல்லேங்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பொய் பேச மாட்டா. ஒருத்தி பேர எழுதிட்டு இல்லேன்னு சொல்றதுல அவளுக்கு என்ன கெடைக்கப் போவுது?"

நான் உள்ளே போய், "அது நான் எழுதினது டீச்சர்" என்றேன். வேறு மாதிரி ஆரம்பிக்க ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். அது வரவில்லை.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எண்ணியது, பழகிய தாள், சனிக்கிழமை சைக்கிளைப் பார்த்தது. சுகந்தியின் அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதுக்கா என்ன வேலைய விட்டுட்டு வரச் சொன்னீங்க?" என்றார் டீச்சரிடம். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "ஏம்மா, பேசணும்னா பேசேன். அதுக்கு யாராவது கள்ளக் கையெழுத்துப் போடுவாங்களா?"

சுகந்தி என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "நேத்து பூரா நான் வெளிய நின்னேன். நீ பாத்துட்டே இருந்த."

"ஆமா" என்றேன்.

"என் ரெக்கார்டு நோட்டக் குடு. மீதிய நானே வரைஞ்சுக்கறேன்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளும் அவள் அம்மாவும் போய்விட்டார்கள்.

டீச்சர் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். சிவப்புப் பேனாவால் எனக்கும் சுகந்திக்கும் நடுவில் இருந்த கோட்டை அடித்தார்.

"வகுப்புல எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நானும்தான் கேக்கணும். சரி, உன்ன இப்ப யாருக்குக் கீழ போடறது? ஜுவைரியாகிட்ட சொல்லவா? அவ சொல்லிடுவா."

"சொல்லச் சொன்னா சொல்லுவா டீச்சர். ஆனா அது நீங்க போட்ட கோடு."

"அப்ப?"

"ஆதிக்க எண் அஞ்சு. அஞ்சாவது போன் எனக்கு நீங்கதான் பண்ணணும்."

"எனக்கு ஒரு போன் கூடுதல்."

"ஆமா டீச்சர்."

"உங்கிட்ட போராட முடியாது தாயே" என்று சொல்லி என் நம்பரை எழுதிக்கொண்டு, படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மன்னிப்பு மூன்றாவது பாடவேளையில் கேட்டேன். ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே கேட்டேன். பதினான்கு கம்பிகள். டீச்சரும் கேட்டார். சுகந்தி, "பரவால்ல டீச்சர்" என்றாள், டீச்சருக்கு மட்டும்.

நவம்பர் 24, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் ஜுவைரியா என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ள, உன் சீட்டுல என் பேர எழுதியிருந்தியாமே. நான் உங்கூட சரியாப் பேசினதே இல்லியே."

"நீ எல்லார்கூடவும் பேசுவ. அதான்."

"எல்லார்கூடவும் பேசறவளுக்கு எல்லாரும் ஃப்ரெண்டா?" என்று அவளே யோசித்தாள். "அந்தப் பதினொண்ணுல நாலு பேரு ஹோம் ஒர்க்குக்கு மட்டும் போன் பண்றவளுங்க. உன் கணக்குல அது தெரியாதுல்ல?"

"தெரியாது."

என் டிபன் பாக்ஸைப் பார்த்து, மோர்க்குழம்பு யார் வைத்தது என்று கேட்டாள். நான் என்றேன். "பொய்" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அந்த அர்த்தத்துல சொல்லல" என்றாள். மணி அடித்துவிட்டது.

நவம்பர் 25, வெள்ளி

இன்று பள்ளியில் நான் பேசியது: வருகைப் பதிவின்போது "உள்ளேன் அம்மா". வேறு இல்லை.

நவம்பர் 27, ஞாயிறு

காலையிலிருந்தே வானம் சாம்பலாக இருக்கிறது. புயல் நாளை விடியற்காலை கரை கடக்கும் என்கிறார்கள். அப்பா நேற்று மாலை போனவர், இன்னும் இரண்டு நாளைக்கு வர முடியாது. குடங்களில் தண்ணீர் பிடித்தேன், ஜன்னல்களைக் கயிற்றால் கட்டினேன், புளிசாதம் கிளறி வைத்தேன். நெருப்புப் பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றினேன்.

நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"அருள்விழியா? இந்திராணி டீச்சர். நாளைக்கு ஆரம்பிக்க வேண்டிய டெஸ்ட் கிடையாது. பள்ளிக்கூட மாடிய திறந்து வச்சிருக்கு. கடலோரத் தெருக்காரங்க இருட்டறதுக்குள்ள வந்துடணும். பாய், மாத்திரை, ஆதார் கார்டு கொண்டுவரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

எங்கள் தெரு கடலோரம் இல்லை, எனக்கு டெஸ்ட் விஷயம் மட்டும்தான். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஜுவைரியா நம்பர் போகவே மாட்டேங்குது. அந்தப் பக்கம் டவர் விட்டு விட்டுத்தான் எடுக்குதாம். மத்த மூணு பேரும் அவங்கவங்க ஆளுங்களுக்குப் பேசிட்டிருக்காங்க, லைன் பிஸி. எனக்கு இங்க அரிசி மூட்டை வந்து எறங்குது. உனக்குத்தான் சொல்ல வேண்டிய ஆள் யாரும் கிடையாதே. அவ லிஸ்ட்ட நீ எடுத்துக்கறியா? பதினோரு பேரு. நம்பர் சொல்றேன், எழுதிக்க."

பக்கத்தில் வேறு தாள் இல்லை. கோட்டுரு வரைந்த தாளின் பின்பக்கம் எழுதினேன். திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

முதல் எண்ணை அழுத்துவதற்கு முன், சொல்ல வேண்டியதைத் தனியாக ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாததால் வெட்கமாக இல்லை.

"ஹலோ, நான் அருள்விழி பேசறேன்."

"எந்த அருள்விழி?"

"உங்க கிளாஸ்தான். மூணாவது வரிசை."

"ஓ, சீட்டுல எழுதினியே, அவளா?"

"ஆமா, அவதான். நாளைக்கு டெஸ்ட் இல்ல..."

இரண்டாவது வீட்டில் ஒரு தாத்தா எடுத்துப் பேத்திக்குப் பதிலாகத் தானே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "பாய் எத்தன கொண்டு வரலாம்?" என்று கேட்டார். தெரியாது, இரண்டு கொண்டு வாருங்கள் என்று நானே சொன்னேன். மூன்றாவது, நான்காவது சீக்கிரம் முடிந்தன. ஐந்தாவது வீட்டில் போன் எடுத்தவள், "ஜுவைரியா ஏன் பேசல, அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று பயந்துவிட்டாள். அவளுக்கு ஜுவைரியா வீடு மூன்றாவது வீடு. போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கா. பாத்திரத்த ஏத்தி வச்சிட்டிருக்கா. சொல்லிட்டேன். எல்லாருமா இப்பக் கெளம்பறோம்."

ஆறாவதும் ஏழாவதும் உடனே எடுத்தார்கள். எட்டாவது எண் எடுக்கவே இல்லை. ஏழு தடவை போட்டேன். நடுவில் ஒன்பது, பத்து, பதினொன்றை முடித்தேன். பத்தாவது பெண்ணின் அம்மா, "நீ எங்கம்மா இருக்க, கூட யாரு?" என்று கேட்டார். அப்பா டூட்டியில் இருக்கிறார், நான் மட்டும் என்றேன். "தண்ணி புடிச்சு வச்சியா?" வைத்தேன் என்றேன். "கதவத் தாப்பாப் போட்டுக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டாவது எண்காரி மீனாம்பிகை. படகுத்துறைத் தெரு, கடலுக்கு மிக அருகில். எட்டாவது தடவை எடுத்தாள். மூச்சு வாங்கியது. போன் அரிசிப் பானைக்குள் இருந்ததாம், நனையாமல் இருக்க. விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைத் திறந்திருப்பது அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கோயில் மண்டபத்துக்குப் போவதாக இருந்தார்களாம். "அங்க கூரை ஒழுகும்" என்றாள். யாரையோ கூப்பிட்டு, மூட்டையை மாற்றிக் கட்டச் சொன்னாள்.

பிறகு, "இரு, வச்சுடாத" என்றாள். "இந்த நம்பர் உன்னோடதா?"

"எங்க வீட்டு நம்பர்."

"சேவ் பண்ணிக்கறேன். பள்ளிக்கூடம் போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். எட்டுத் தடவ போட்டிருக்க, பயந்திருப்ப."

கொஞ்சம் என்றேன்.

டீச்சருக்குப் போன் செய்து பதினொன்றும் முடிந்தது, ஜுவைரியாவுக்கும் தெரியும் என்று சொன்னேன். "சரி" என்றார். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம்.

இது ஐந்து மணிக்கு. இப்போது தாளைத் திருப்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீனாம்பிகையின் புள்ளிக்கும் என் புள்ளிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கிறது, வேறு கோடு குறுக்கே வராது. ஆனால் விதிப்படி இரண்டு பேரும் எழுதியிருக்க வேண்டும். அவள் என் எண்ணைப் பதிந்துகொண்டாள். அது எழுதியதற்குச் சமமா, இல்லை புயலுக்கு மட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் போடக் கூடாது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

காற்று தொடங்கிவிட்டது. 5.35. போன் இன்னும் அடிக்கவில்லை. ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், விளக்குகள் அணைந்துவிட்டன.